புதுப்பிப்பு: தானாகப் பதில் சொல்லும் ஸ்கிரிப்ட் சரியாகிவிட்டது

முன்பு கேட்டிருந்தேன்: மட் ஆட்டத்தில் (பலர் இணையத்தில் சேர்ந்து எழுத்து வழியாகவே ஆடும் விளையாட்டு) நான் எழுந்துபோன நேரத்தில் யாராவது 'டெல்' (தனிச் செய்தி) அனுப்பினால், "இப்போது இல்லை, வந்ததும் பேசுகிறேன்" என்று மட்லெட் (மட் ஆடப் பயன்படும் நிரல்) தானாகச் சொல்ல வேண்டும், ஆனால் சில நாள் அதே பதில் திரை முழுக்கக் கொட்டிக் கிடக்கிறது, ஏன் என்று. காரணம் பிடிபட்டுவிட்டது.

ஆட்டத்தில் வந்த வரிகள் பதிவாகும் லாக் கோப்பை வரிவரியாகப் பார்த்தேன். எதிர்ப்பக்கம் இருந்தவரும் இதே மாதிரி ஒரு ட்ரிக்கர் (குறிப்பிட்ட வாசகம் வந்ததும் தானாக இயங்கும் கட்டளை) வைத்திருக்கிறார். என் பதில் அவருடையதைத் தட்டிவிட, அவருடையது என்னுடையதைத் தட்டிவிட, ஆளில்லாத இரண்டு திரைகள் விடிய விடியப் பேசியிருக்கின்றன.

தீர்வு மட்லெட்டின் ஸ்கிரிப்ட் மொழியான லுவாவில் ஆறேழு வரிதான். பதில் போனதும் அந்தப் பெயரையும் அப்போதைய நேரத்தையும் ஒரு டேபிளில் (பட்டியலில்) போட்டு வைக்கிறேன். அதே பெயர் 300 நொடிக்குள் மறுபடி வந்தால் ஸ்கிரிப்ட் வாய் திறக்காது. ஒரு பக்கம் அடங்கினால் போதும், சங்கிலி அறுந்துவிடும்.

இன்னொரு ஓட்டையும் அகப்பட்டது. ட்ரிக்கர் எந்த வாசகத்தைத் தேட வேண்டும் என்று சொல்லும் ரெஜெக்ஸின் தொடக்கத்தில், வரியின் ஆரம்பத்தைக் குறிக்கும் ^ குறி இல்லை. அதனால் பொதுச் சேனலில் யாராவது அந்த வாசகத்தைச் சொன்னாலே ட்ரிக்கர் பாய்ந்தது. பெயரை எடுக்கும்போதும் கவனம் தேவை: பொருந்தியவற்றை மட்லெட் போட்டுத் தரும் மேட்சஸ் டேபிளில் 1-இல் பொருந்திய பகுதி முழுவதும் இருக்கும், பெயர் 2-இல்தான். எனக்கு ஒரு மாலை முழுக்க இதிலேயே போனது.

ஆட்ட நிர்வாகியிடமும் கேட்டுவிட்டேன். பதில் மட்டும் சொல்லலாம், ஆளில்லாமல் சண்டை போடக் கூடாது என்றார். உதவிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.