குழாயில் படியும் உப்புக்கறையை நீக்க எது ஏற்றது?

கேள்வி:
எங்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீரையே பயன்படுத்துவதால், குளியலறைக் குழாய்களில் வெள்ளையாக உப்புக்கறை படிந்துவிடுகிறது. சமையல் சோடாவால் எவ்வளவு தேய்த்தும் பயனில்லை. சோடாவில் வினிகரை ஊற்றி, அது நுரைத்துப் பொங்கும்போது தேய்க்க வேண்டும் என்கிறார் ஒருவர். கழிப்பறை ஆசிட்டுடன் பிளீச்சிங் பவுடரைக் கலக்கச் சொல்கிறார் இன்னொருவர். எதைச் செய்யலாம்?

மறுமொழி 1:
இரண்டாவது யோசனையை உடனே கைவிடுங்கள். கழிப்பறை ஆசிட்டில் உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் பிளீச்சிங் பவுடரின் மீது பட்டால் குளோரின் வாயு வெளிப்படும். காற்றோட்டமில்லாத சிறிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

இனி கறைக்கு வருவோம். அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். கடின நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், நீர் உலரும்போது கார்பன் டை ஆக்சைடை இழந்து, கரையாத கார்பனேட்டாக மாறி ஒட்டிக்கொள்கிறது. இதுவே காரத்தன்மை உடைய பொருள் என்பதால், காரத்தன்மை கொண்ட சோடா இதைக் கரைக்காது; அமிலம்தான் கரைக்கும். சோடாவையும் வினிகரையும் கலந்தாலோ, அவை ஒன்றையொன்று நடுநிலையாக்கி, சோடியம் அசிட்டேட் கலந்த நீராக முடிந்துவிடும். பொங்குவதைப் பார்த்து மகிழலாம், அவ்வளவுதான். வினிகரை மட்டும் துணியில் நனைத்துக் குழாயைச் சுற்றி அரை மணி நேரம் வைத்திருந்து, தேய்த்து, நல்ல நீரால் கழுவிவிடுங்கள். எலுமிச்சைச் சாற்றுக்கும் இதே வேலைதான். கழிப்பறை ஆசிட்டைக் குழாயில் ஊற்றினால் குரோம் பூச்சு கெட்டுவிடும்.

மறுமொழி 2:
சோடாவைப் பயனற்றது என்று ஒதுக்கிவிட வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் இடத்தில் காரங்களே கைகொடுக்கும். நீரில் கரையும் வலிய காரமான காஸ்டிக் சோடா, கழிவுநீர்க் குழாயில் அடைத்த கொழுப்பைச் சோப்பாக மாற்றிக் கரைத்துவிடுகிறது. ஆனால் அது தோலையும் கண்ணையும் அரிக்கும் என்பதால் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்; அலுமினியப் பாத்திரத்தில் அதைக் கரைக்கவே கூடாது.

கேள்வி கேட்டவர்:
விளக்கத்திற்கு நன்றி. குளியலறைத் தரை மொசைக். அங்குள்ள கறைக்கும் வினிகர் பயன்படுத்தலாமா?

மறுமொழி 1:
கூடாது. மொசைக்கில் பதிக்கப்பட்டுள்ள பளிங்குச் சில்லுகளும் கால்சியம் கார்பனேட்டே. அவற்றைப் பிடித்திருக்கும் சிமெண்டும் அமிலத்தில் அரிக்கப்படும். கறை போவதோடு தரையின் பளபளப்பும் போய்விடும். மென்மையான சோப்பு நீரும் நைலான் பிரஷும் போதும். குழாயைத் துடைக்கும்போது வினிகர் தரையில் சொட்டினால் உடனே நீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.