ஒரே மாதிரி ஒலிக்கும் இங்கிலீஷ் வார்த்தைகள்: ப்ரூஃபில் எப்படிக் கண்டுபிடிப்பது?

தாராவி டிடிபி:
90 அடி சாலைப் பக்கம் டிடிபி கடை வைத்திருக்கிறேன். விசிட்டிங் கார்டு, பில் புக், ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் செய்கிறோம். அச்சடிக்கும் முன் சரிபார்க்க ப்ரூஃப் காட்டினால் வருகிறவர்கள் போன் நம்பரை மட்டும் பார்த்துவிட்டு ஓகே சொல்லிவிடுகிறார்கள். இப்போது ஒரு லாட்ஜுக்கு ரூம் கார்டு, காலை டிபன் இலவசம் என்று போட வேண்டும், அவர்கள் எழுதித் தந்த காம்ப்ளிமெண்டரியில் எல்லுக்கு அடுத்து ஈ இருக்கிறது. ஐ தானே வரணும்? கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போடவில்லை. ஸ்டேஷனரி, பிரின்சிபல், லைசென்ஸ் எல்லாவற்றிலும் இதே தொல்லை. காரணத்தோடு சொன்னால் கடைப் பையன்களுக்கும் சொல்லித் தருவேன்.

செம்பூர் டீச்சர்:
ஐ தான் அண்ணா. இரண்டுமே அகராதியில் இருக்கிற வார்த்தைகள், அதனால் கோடு வராது. ஐ போட்டால் பாராட்டு, அப்புறம் மரியாதைக்காகக் காசு வாங்காமல் தருவது. ஈ போட்டால் ஒன்றோடு சேர்ந்து அதை நிறைவாக்குவது. கம்ப்ளீட் என்று எழுதிப் பாருங்கள், எல்லுக்கு அடுத்து அதே ஈ நிற்கும்.

ஸ்டேஷனரி இன்னும் சுலபம். பேக்கரிலிருந்து பேக்கரி, குரோசரிலிருந்து குரோசரி, அதே போல ஸ்டேஷனர் விற்பது ஸ்டேஷனரி, ஆகவே முடிவில் ஈஆர்ஒய். ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் ஊர் ஊராகச் சுற்றாமல் ஒரே இடத்தில் கடை போட்டுப் புத்தகம் விற்றவருக்குத்தான் ஸ்டேஷனர் என்று பெயர். ஏஆர்ஒய் என்றால் நகராமல் நிற்பது, இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்.

மாட்டுங்கா வாசி:
பிரின்சிபலுக்குத் தமிழே போதும் தம்பி. கடனில் வட்டியும் முதலும், கல்லூரியில் முதல்வர். தமிழில் 'முதல்' வருகிற இடத்தில் ஏஎல். கொள்கை, விதி என்றால் எல்ஈ. ஆளுக்கும் பணத்துக்கும் எல்ஈ வரவே வராது. வங்கியில் இருந்தவரை கடன் பத்திரம் கைக்கு வந்தால் இந்த எழுத்தைத்தான் முதலில் தேடுவேன். ஸ்கூல் ஸ்டாம்ப் வந்தால் நிச்சயமாகப் பாருங்கள், செய்து முடித்த ஸ்டாம்பில் ஒரு எழுத்தை மட்டும் மாற்ற முடியாது.

சயான் கோலிவாடா:
லைசென்ஸ், பிராக்டிஸ் இரண்டுக்கும் பிரிட்டிஷ் முறையில் பெயர்ச்சொல் என்றால் சி, வினைச்சொல் என்றால் எஸ். டிரைவிங் லைசென்ஸ் பெயர்ச்சொல், அதனால் சிஈ. நம் மோட்டார் வாகனச் சட்டத்திலும் அப்படித்தான். அமெரிக்காவில் லைசென்ஸ் எப்போதும் எஸ், பிராக்டிஸ் எப்போதும் சி, எனவே இணையத்தில் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

இந்த இரண்டிலும் காது உதவாது, அட்வைஸில் உதவும். அறிவுரை என்றால் முடிவில் ஸ் ஒலி, அறிவுரை சொல்வது என்றால் இந்தியில் ஜ-வுக்குக் கீழே புள்ளி வைத்து எழுதுகிற ஒலி. தமிழில் அந்த ஒலி இல்லாததால் இரண்டும் நமக்கு ஒன்றாகவே விழுகிறது. விலைக்கும் பரிசுக்கும் நாம் ஒரே பிரைஸ் சொல்வதும் இதனால்தான், இங்கிலீஷ்காரருக்கு அவை வேறு வேறு ஒலி. கடையில் இந்தி நன்றாகப் பேசுகிற பையன் இருந்தால் பரிசுச் சான்றிதழ், விலைப்பட்டியல் ப்ரூஃபை எல்லாம் அவனை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.