கம்பியில சுத்துற பிளேனுக்குத் தமிழ் என்ன? வியாழனுக்குள்ள வேணும்

கிளிநொச்சி ரீச்சர்:
வணக்கம். விஞ்ஞானக் கழகப் பிள்ளையளின்ர கையேடு வியாழன் அச்சுக்குப் போகுது. கொன்ட்ரோல் லைன் பிளேன் எண்டதுக்குச் சொல் வேணும். நடுவில ஒருத்தர் கைபிடியோட நிப்பார், ரெண்டு மெல்லிய உருக்குக் கம்பியில மொடல் வட்டமாப் பறக்கும், கைபிடியைச் சரிச்சா ஒரு கம்பி இழுபட்டு பிளேனுக்குள்ள இருக்கிற பெல்கிராங்க் (கம்பியின்ர இழுப்பை வாலுக்குத் திருப்பிக் குடுக்கிற துண்டு) திரும்பி வால் மடல் அசையும், ஏறும் இறங்கும், அவ்வளவுதான், றிமோட் இல்லை. "கட்டுப்பாட்டுக் கோட்டு விமானம்" எண்டு எழுதிப்போட்டு நானே வெட்டிட்டன். கட்டுப்பாடு எண்டதும் கோடும் சேர்ந்தா வன்னியில தாய் தேப்பன் சண்டைக்கால எல்லையைத்தான் நினைப்பினம் எண்டு தெரியும்தானே. இப்ப சோளகமும் தொடங்கிட்டுது, காத்தில கம்பி தளர்ந்துபோற நிலைக்கும் ஒரு சொல் தாங்கோ.

வவுனியா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
பிள்ளை, புறநானூறு 27இல "வலவன் ஏவா வான ஊர்தி" இருக்கு, அதாவது ஓட்டுறவன் ஓட்டாமலே போற வான ஊர்தி. இங்க வலவன் நிலத்தில நிண்டு ஏவுறான், ஆகவே வலவூர்தி. வலம் எண்டா வலப்பக்கம், வெற்றி, சுத்தி வாறது, மூண்டும் இதுக்குள்ள அடங்குது. வல் எண்ட அடியில இருந்துதான் வன்மை, வல்லவன், வலவன் எல்லாம். இதைவிட வேற சொல் தேடத் தேவையில்லை.

ரொறன்ரோ, ஊர் முல்லைத்தீவு:
ஐயா, வலம் வாறது மணிக்கூட்டுப் பக்கம். இந்தப் பிளேன் வழமையாச் சுத்துறது அதுக்கு எதிர்ப்பக்கம், இடது செட்டை உள்ளுக்கு. அப்ப இது இடம் வாறது.
ஜிம் வோக்கர் எண்ட அமெரிக்கர் 1942இல இதுக்குக் காப்புரிமை எடுத்தவர். நான் இங்க சில வருசம் பறக்க விட்டனான், அதால காத்துக் கதையைக் கொஞ்சம் விரிவாச் சொல்லுறன் ரீச்சர். ஒரு கிலோ மொடல், 20 மீற்றர் கம்பி, செக்கனுக்கு 25 மீற்றர் வேகம் எண்டா கையில கிட்டத்தட்ட மூண்டு கிலோ பாரம் இழுக்கும். அந்த இழுவை இருக்கும்வரைதான் பிளேன் எங்கட சொல்லுக் கேக்கும். முதுகில காத்துப் பட நிண்டு முன்பக்கத்தில கரணம் அடிக்க வேணும், அங்க காத்து மொடலை வெளிய தள்ளிக் கம்பியை விறைப்பா வைக்கும். காத்து வாற பக்கத்தில உயர ஏத்தினா அதே காத்து மொடலை எங்கட தலைக்கு மேல தள்ளிக்கொண்டு வரும், கம்பி தொய்ஞ்சுபோகும், கைபிடியை எவ்வளவு ஆட்டினாலும் வால் அசையாது. உடன பின்னுக்கு ஓடி கம்பியை இழுத்துப் பிடிக்க வேணும். சொல் "தொய்வு" போதும். பட்டம் விடுற பெடியள் நூல் தொய்ஞ்சு போச்சு எண்டுதானே கத்துறவங்கள்.

மதுரை:
கம்பியில இருக்கிறது இழுவிசைங்க. இழுவைன்னா எங்க பக்கம் காத்து பின்னால இழுக்கிறத நினைப்பாங்க.

கிளிநொச்சி ரீச்சர்:
சேர்ஃபஸ் ரென்சன் எண்டது எங்கட புத்தகத்தில மேற்பரப்பிழுவை, உங்கட புத்தகத்தில பரப்பு இழுவிசை; ரென்சனுக்கு எங்கட சொல் இழுவை. பிள்ளையள் எழுதுறது எங்கட சோதனை, இழுவையே இருக்கட்டும் தம்பி.

மன்னார் அக்கா:
கடிவாள விமானம் எண்டு வையுங்கோ. கையில பிடி, ரெண்டு வார், இழுக்கத் திரும்பும்.

வவுனியா ஆசிரியர்:
கடிவாளம் வாயில கடிக்கிறது. குதிரை நெடுந்தீவிலதான் நிக்குது, வன்னிப் பிள்ளைக்கு வண்டில் மாடுதான் தெரியும், அப்பிடியெண்டா நாணயக்கயிறு எண்டெல்லோ சொல்ல வேணும்?

புதுக்குடியிருப்புத் தம்பி:
வேற குழுவில ஒராள் "கயிற்று வண்டு" எண்டு எழுதியிருந்தவர். தயவுசெய்து அது வேண்டாம். சண்டைக்காலத்தில இரவிரவா தலைக்கு மேல இரைஞ்ச வேவு விமானத்தை நாங்கள் வண்டு எண்டுதான் சொன்னனாங்கள். அம்மாவுக்கு முன்னால அந்தச் சொல்லோட ஒரு விளையாட்டுச் சாமானை என்னால கொண்டுபோக ஏலாது.

கிளிநொச்சி ரீச்சர்:
தம்பி, அது வராது. தலைப்பில கடிவாள விமானம், உள்ளுக்குக் கம்பிப் பிளேன், தளர்ந்தா தொய்வு. நாலு பேர் சரி எண்டிட்டினம், ஐயா ஒராள்தான் எதிர்.
இன்னும் ஒண்டு மிச்சம். காத்துப் போற பக்கத்துக்குப் புவியியலில இருக்கிற "காற்றொதுக்கு" சரிவராது, மலைக்குப் பின்னால காத்துப் படாத இடம் அது, திடலில அந்தப் பக்கம் முழுக் காத்து. வன்னியில மலை எங்க? கடலுக்குப் போற ஆக்கள் ஆருக்கும் சொல் தெரிஞ்சா புதன் இரவுக்குள்ள எழுதுங்கோ.

வவுனியா ஆசிரியர்:
அடிக்குறிப்பிலயாவது வலவனைப் போடு பிள்ளை.