இழை: படம் 'அசல்' என்பதற்கு என்ன சொல்? (வெள்ளிக்குள் தேவை)

பாளையங்கோட்டையிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். சனிக்கிழமை எங்கள் பள்ளியில் ஒரு சின்னக் கண்காட்சி. பிள்ளைகள் வீட்டில் கிடந்த பட்டாளத்துத் தாத்தாக்களின் படங்களைக் கொண்டு வந்திருக்கிறார்கள். ஒவ்வொன்றின் கீழும் அட்டை ஒட்ட வேண்டும். பேனர் கடையில் வெள்ளி மதியத்துக்குள் வாசகம் கேட்கிறார்கள். 'ஆத்தென்டிக்' என்பதற்கு நான் 'உண்மையான படம்' என்று எழுதினேன். "அப்போ மத்ததெல்லாம் பொய்யா டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டுவிட்டான்.

கேட்டவனுடைய படம்தான் சிக்கல். பழுப்பேறிய படம், பட்டாள உடை, மார்பில் மூன்று பதக்கங்கள். ஒன்று நட்சத்திர வடிவம், இரண்டு வட்டம். முதல் உலகப் போரில், 1916-இல் மெசபடோமியாவுக்கு (இன்றைய ஈராக்) கப்பலேறும் முன் எடுத்தது என்கிறார்கள் வீட்டில். இதை என்னவென்று எழுத?

தென்காசியிலிருந்து:

அம்மா, 'மெய்ப்படம்' என்று எழுதுங்கள். மெய் என்றால் உண்மை. மெய் என்றால் உடம்பு. இரண்டும் ஒரே சொல்லில் நிற்பது தமிழுக்கு வாய்த்த பேறு. மெய்ப்பாடு என்பதே உள்ளத்தில் உள்ளது உடம்பில் தெரிவது. வீரனின் மெய்யை மெய்யாகக் காட்டுவது மெய்ப்படம். 'மெய்', 'மை' இரண்டுக்கும் வேர் ஒன்று என்று நான் நெடுநாளாகச் சொல்லி வருகிறேன். அது தனி மடலாக வரும்.

'அசல்' மட்டும் வேண்டாம். அது அரபியிலிருந்து அரசு அலுவலகக் கச்சேரி வழியாக வந்தது.

வள்ளியூரிலிருந்து:

அண்ணாச்சி, தனி மடல் வரட்டும், அவசரமில்லை. ஆனால் அச்சகத்தில் மெய்ப்பு என்றால் பிழை திருத்தக் கொடுக்கிற தாள். 'மெய்ப்படம்' என்று பேனர் கடைக்கு அனுப்பினால் திருத்தி அனுப்பச் சொல்கிறீர்கள் என்றுதான் நினைப்பார்கள்.

நான் நாற்பது வருஷம் ஸ்டூடியோ வைத்திருந்தவன். செல்லரித்த தாத்தா படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு வருவார்கள். அதையே மறுபடி படமெடுத்து, நெகடிவில் பென்சிலால் கண்ணைத் தெளிவாக்கி, பெரிதாக்கிக் கொடுப்போம். பழுப்பாக வேண்டுமென்றால் அதற்கும் ஒரு கரைசல் உண்டு. அந்தப் படத்தில் இருப்பவர் பொய்யா? இல்லை. தாள் பழசா? அதுவும் இல்லை. ஆகவே டீச்சர், உங்களிடம் இருப்பது ஒரு கேள்வி இல்லை, மூன்று. தாள் எந்தக் காலத்தது? படத்தைப் பற்றிச் சொல்லும் கதை சரியா? உங்கள் கைக்கு அது எப்படி வந்தது? மூன்றையும் ஒரு சொல்லில் அடைக்கப் போனால் பையன் கேட்கத்தான் செய்வான்.

கதையை எடுத்துக்கொள்வோம். நீங்கள் சொல்கிற நட்சத்திரம் '1914-15 ஸ்டார்' ஆக இருந்தால், 1915 டிசம்பர் 31-க்குள் போர்முனையில் இருந்தவர்களுக்குத்தான் அது. வட்டம் இரண்டும் பிரிட்டிஷ் போர்ப் பதக்கமும் வெற்றிப் பதக்கமும் என்றால், அவை 1919-இல்தான் ஏற்படுத்தப்பட்டன. மூன்றையும் அணிந்துகொண்டு 1916-இல் யாரும் கப்பலேறியிருக்க முடியாது. போய்த் திரும்பி வந்த பிறகு எடுத்த படம் அது.

பதக்கம் எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் பாருங்கள். அவருடைய இடது மார்பில் இருக்க வேண்டும். வலது மார்பில் இருந்தால் யாரோ நெகடிவைத் திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுத்திருக்கிறார்கள். என் கையாலேயே அப்படி நடந்திருக்கிறது.

அடுத்தது தாள். சட்டகத்தைக் கழற்றிவிட்டு, கடிகாரக் கடைக்காரர் கண்ணில் மாட்டுகிற லென்ஸால் பாருங்கள். ஒழுங்கான புள்ளிகள் தெரிந்தால் அது அச்சு இயந்திரத்தில் வந்தது. தாளின் நாரே தெரிந்தால் முட்டை வெள்ளைக்கரு பூசிய ஆல்புமென் தாளாக இருக்கலாம்; பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதி பெரும்பாலும் அதில்தான் ஓடியது. ஜெலட்டின் தாள் என்றால் நார் தெரியாது. பழையதில் கறுப்பான இடங்களின் ஓரத்தில் ஈயம் பூசினாற்போல் ஒரு நீல மினுமினுப்பு ஏறியிருக்கும். கடைசியாக, கள்ளநோட்டு பார்க்கிற ஊதா விளக்கை இருட்டில் காட்டுங்கள். பளீரென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் தாள் 1950-களுக்கு முந்தையதாக இருக்க வாய்ப்பில்லை. ஒளிராவிட்டால் பழசு என்று துள்ளிக் குதிக்க வேண்டாம். பிந்திய தாள்களிலும் ஒளிராதவை உண்டு.

சொல்லுக்கு வருகிறேன். முதலில் எடுத்தது 'அசல்', பிறகு எடுத்தது 'மறுபடி'. போதும்.

தென்காசியிலிருந்து:

'பிரிண்ட்', 'ஸ்டூடியோ', 'நெகடிவ்' என்று எழுதுகிறவரிடம் 'அசல்' பற்றிப் பேசி என்ன பயன்? போகட்டும். 'புகைப்படம்' என்று யாரும் அட்டையில் எழுதிவிடாதீர்கள். புகைக்கும் படத்துக்கும் என்ன உறவு? ஒளிப்படம் அல்லது நிழற்படம்.

(இதன் பிறகு ஒளியா நிழலா என்று பதினொரு மடல்கள் வந்தன. மட்டுறுத்துநர் அவற்றை வேறு இழைக்கு மாற்றிவிட்டார்.)

அம்பாசமுத்திரத்திலிருந்து:

நான் பத்திரம் எழுதுகிறவன். வள்ளியூர் அண்ணாச்சி கேட்ட மூன்றாவது கேள்வியைத்தான் தினமும் எழுதிக்கொண்டிருக்கிறேன். சொத்து யாரிடமிருந்து யாருக்கு வந்தது, நடுவில் வில்லங்கம் உண்டா என்று பார்ப்பதற்கு முந்தைய ஆவணத்தைத் தேடுவோம். அதற்குப் பெயர் தாய்ப்பத்திரம். அதே கணக்கில் 'தாய்ப்படம்' என்றால் என்ன? கைமாறி வந்த விவரத்தைப் 'பாத்தியதை வழி' எனலாம். பாத்தியதை வடமொழி என்று தென்காசி ஐயா சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: 'வழிவரவு'.

சங்கரன்கோவிலிலிருந்து:

வழிவரவு அருமை, எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மீசை வைத்த சிப்பாய்க்குக் கீழே 'தாய்ப்படம்' என்று எழுதினால் "யாரோட தாய்?" என்று கேட்பார்கள். 'மூலப்படம்' என்று யாராவது தொடங்குவதற்கு முன் அதையும் அடைத்துவிடுகிறேன். படத்துக்கு மூலம் நெகடிவ்தான். தவிர, பஸ் நிலையச் சுவரில் மூலம், பௌத்திரம் என்று வாசித்தே வளர்ந்த ஊர் இது.

சோதித்துப் பார்க்கிற வேலைக்கு வேண்டுமானால் குறள் 505-இல் வள்ளுவர் வைத்த 'கட்டளைக்கல்' இருக்கிறது. பொன்னை உரைத்துப் பார்க்கிற கல். 'கட்டளைப் பார்வை' என்று சொல்லலாமா?

வள்ளியூரிலிருந்து:

கட்டளை என்றால் இந்தக் காலத்தில் உத்தரவு. வேண்டாம் தம்பி.

பாளையங்கோட்டையிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மளிகைக்கடையில் விளக்கு வாங்கி வந்து பார்த்தோம். படம் பளீரென்று ஒளிர்ந்தது. பையனுக்கு முகம் சுண்டிவிட்டது. இன்று அவன் ஆச்சியையே கூட்டிக்கொண்டு வந்தான். பழைய படத்தைக் கறையான் அரித்ததும், அவர்கள் கல்யாணத்துக்குப் பிறகு டவுனில் கொடுத்துப் புதிதாக எடுத்ததும் உண்மைதானாம். "ஆளு அவுகதான், அதுல என்ன சந்தேகம்?" என்றார்கள். அதை அப்படியே அட்டையில் வழிவரவு என்று எழுதிவிட்டேன். ஆண்டையும் '1919 அல்லது அதற்குப் பின்' என்று மாற்றியாயிற்று.

சொல்லுக்கு இதுவரை வந்த கணக்கு: அசல் நான்கு, தாய்ப்படம் ஒன்று, மெய்ப்படம் ஒன்று. அட்டைகளில் 'அசல்', 'மறுபடி' என்றே கொடுத்துவிட்டேன். நேரமில்லை, மன்னிக்கவும்.

தென்காசியிலிருந்து:

கண்காட்சிக்கு வந்திருந்தேன். நன்றாக இருந்தது. ஆனால் அந்தச் சிப்பாய்க்குக் கீழே பெரிய எழுத்தில் 'மறுபடி' என்று இருக்கிறது. என் பக்கத்தில் நின்றவர், இவர் மறுபடியும் பட்டாளத்தில் சேர்ந்தாரா என்று என்னைக் கேட்டார். 'மறு படி' என்று இடம் விட்டாவது அச்சடித்திருக்கலாம். மெய், மை பற்றிய மடல் ஞாயிற்றுக்கிழமை வரும்.