ஸ்க்ரூ மாட்டியாச்சு, டிரைவைக் காணோம்

கம்ப்யூட்டரில் புது டிரைவ் மாட்டிய கதையை நீலகிரியின் மூன்று ஊர்களிலிருந்து மூன்று பேர் எழுதுகிறார்கள்.

கோத்தகிரி:

கல்யாண வீடியோ எடிட்டிங் என் தொழில். 2020ல் நானே பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். பி450 சிப்செட் (இணைப்புகளைக் கவனிக்கும் சிப்) உள்ள மதர்போர்டு, 500 ஜிபி என்விஎம்இ டிரைவ் (சின்ன அட்டை போலிருக்கும் வேகமான சேமிப்பகம்). 4கே ஃபைல்கள் வர ஆரம்பித்ததும் இடம் போதவில்லை. கோயம்புத்தூர் இறங்கி, காந்திபுரத்தில் ஒரு டிபி என்விஎம்இ வாங்கி வந்தேன்.

போர்டில் இரண்டு எம்.2 ஸ்லாட், அதாவது இந்த மாதிரி அட்டை டிரைவைச் செருகும் இடம். காலியாக இருந்ததில் சாய்த்துச் செருகி, அழுத்திப் பிடித்து, எறும்புத் தலை அளவு ஸ்க்ரூவை முடுக்கினேன். அந்த ஸ்க்ரூ இரண்டு முறை கேபினெட்டுக்குள் விழுந்தது தனிக்கதை. ஆன் செய்தால் பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் செட்டிங் திரை) டிரைவே இல்லை. கழற்றி மாட்டினேன், பயாஸ் அப்டேட் செய்தேன், ஒன்றும் நடக்கவில்லை. டிரைவ் செத்துப்போனது என்று முடிவு கட்டி, மறுநாள் மேட்டுப்பாளையம் வழியாக மறுபடி இறக்கம்.

கடைத் தம்பி தன் கம்ப்யூட்டரில் மாட்டினார். உடனே வந்தது. "டிரைவ் நல்லாத்தானுங்க இருக்குது. போர்டு புக்கைப் பாத்தீங்களாண்ணா?" என்றார்.

பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால், இரண்டாவது ஸ்லாட்டில் சாட்டா (ஹார்ட் டிஸ்க்குகளுக்கான பழைய இணைப்பு முறை) வகை எம்.2 மட்டும்தான் வேலை செய்யும் என்று ஒரே வரி. எம்.2 என்பது வெறும் வடிவம்தான். சாட்டா டிரைவும் அதில் வரும், விநாடிக்கு 550 எம்பியோடு நின்றுவிடும். என்விஎம்இ, கிராபிக்ஸ் கார்டு ஓடும் அதே வேகப் பாதையான பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக ஓடுவது. ஸ்லாட்டைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், அதுதான் வயிற்றெரிச்சல்.

கடைசியில் என்விஎம்இ டிரைவை மாட்டும் ஒரு அடாப்டர் கார்டு வரவழைத்து, கிராபிக்ஸ் கார்டுக்குக் கீழே இருந்த நீள ஸ்லாட்டில் போட்டேன். அது சிப்செட் வழியாகப் போகும் பழைய பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0 பாதை. அதனால் முதல் டிரைவ் 3,400 எம்பி காட்டும் இடத்தில் இது 1,600 தான். முகூர்த்தத்திலிருந்து ரிசப்ஷன் வரை நான்கு கேமரா டைம்லைன் திக்காமல் ஓடுகிறது, எனக்குப் போதும்.

ஊட்டி:

எனக்கு நேர்மாறு. புது என்விஎம்இ உடனே வந்தது, பழைய ஹார்ட் டிஸ்க் காணாமல் போனது! மகள் பிறந்ததிலிருந்து எடுத்த படமெல்லாம் அதில். வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. விஷயம் இவ்வளவுதான்: என் போர்டில் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் டிரைவ் போட்டால் 5, 6ஆம் சாட்டா போர்ட்டுகள் அணைந்துவிடும். கேபிளை 1ஆம் போர்ட்டுக்கு மாற்றினேன், படங்கள் வந்தன.

அப்புறம் ஒன்று. பயாஸில் தெரிந்தும் விண்டோஸில் புது டிரைவ் இல்லையென்றால் பதற வேண்டாம். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் ஜிபிடி (டிரைவைப் பிரித்து வைக்கும் முறை) கொடுத்து இனிஷியலைஸ் செய்து, ஃபார்மேட் செய்தால்தான் D:, E: போன்ற டிரைவ் எழுத்து கிடைக்கும்.

கூடலூர்:

மச்சான் ஊட்டியில் அசெம்பிள் செய்த கேபினெட்டை, உறைபனி விழுந்த ஒரு ஜனவரிக் காலையில் இங்கே கொண்டுவந்தார். கார் டிக்கியில் சில்லென்று இருந்த தகடு, இங்குள்ள ஈரக்காற்று பட்டதும் டீ குடிக்கும்போது மூக்குக் கண்ணாடி மங்குமே, அப்படி வியர்த்துவிட்டது. ஆன் செய்யவிடாமல் இரண்டு மணி நேரம் திறந்து வைத்தோம்.

பெரிய ஃபைல் காப்பி செய்தால் பாதியில் வேகம் படுத்துவிட்டது. டிரைவ் சூடு 80 டிகிரிக்கு மேல். மலையில் என்ன சூடு என்று யோசித்து ஹீட்சிங்கை (டிரைவின் சூட்டை இழுக்கும் உலோகத் தகடு) கழற்றினால், அடியில் ஒட்டியிருக்கும், சூட்டைக் கடத்தும் தெர்மல் பேடின் பிளாஸ்டிக் தாளை மச்சான் உரிக்கவே இல்லை. உரித்து மாட்டிய பிறகு 60ஐத் தாண்டுவதில்லை.

கோத்தகிரி:

இதைப் படித்துவிட்டு என் அடாப்டரின் அலுமினியத் தகட்டைக் கழற்றினேன். நீலத் தாள் அப்படியே இருக்கிறது. உரித்துவிட்டேன். ஸ்க்ரூவைத்தான் மறுபடியும் தேடிக்கொண்டிருக்கிறேன்.