அப்டேட்: எச்டிஆர்ல தண்ணி திட்டுத்திட்டா வந்த பிரச்சனை சரியாயிடுச்சு

போன தடவை கேட்டிருந்தேன்ல, எச்டிஆர்க்காக, அதாவது வெவ்வேறு வெளிச்ச அளவுல எடுத்த படங்களை ஒண்ணா சேர்க்குறதுக்காக, அருவியை மைனஸ் 2 (இருட்டா), 0 (சாதாரணமா), பிளஸ் 2 (வெளிச்சமா)னு மூணு ஷாட் எடுத்து சேர்த்தா தண்ணி மட்டும் கலங்கி நுரை ஓரமெல்லாம் சாம்பல் திட்டா வருதுன்னு, அது இப்போ சரியாயிடுச்சு! மூணு ஷாட்டையும் தனித்தனியா ஜூம் பண்ணி பாத்தப்பதான் புரிஞ்சது, ஷட்டர் 1/8 செகண்ட் திறந்திருந்த டார்க் ஷாட்ல நுரை நூல் நூலா தெரியுது, 1/2ல கொஞ்சம் குழையுது, 2 செகண்ட்ல பால் ஊத்தின மாதிரி ஆயிடுது, இதையெல்லாம் ஒண்ணா கலந்தா எப்படிங்க ஒட்டும்?

அதனால அசையாத பாறை, வானத்துக்கு மட்டும் மூணையும் சேர்த்துட்டு, தண்ணிக்கு ஒரே ஒரு ஷாட்டை மாஸ்க் போட்டு (தண்ணி பகுதி மட்டும் தெரியுற மாதிரி மத்ததை மறைச்சு) மேல வச்சேன். நுரை வெளுத்துப் போகாத டார்க் ஷாட்டைத்தான் எடுக்கணும், ரா ஃபைலா (கேமரா பதிவு பண்ணின மூல ஃபைல்) இருந்தா நிழல் பகுதியை அப்புறம் தூக்கிக்கலாம், ஆனா வெளுத்துப்போன நுரையைத் திருப்பிக் கொண்டுவரவே முடியாது. படங்களைச் சேர்க்கும்போது அசைஞ்ச இடத்தை சரிபண்ற டீகோஸ்ட் ஆப்ஷன் சின்ன அலைக்கு ஓகே, அருவிக்கு எனக்கு பத்தல.

மத்தபடி ட்ரைபாட், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப் 11 (லென்ஸ் துவார அளவு), மேனுவல் ஃபோகஸ். போலரைசர் (பளபளப்பைக் குறைக்குற லென்ஸ் ஃபில்டர்) சொன்னவங்களுக்கு ரொம்ப நன்றி, மெதுவா திருப்பினா ஈரப்பாறை மேல இருக்குற பளபளப்பு அடங்கி, தண்ணிக்கு அடியில கிடக்குற கூழாங்கல் ஒவ்வொண்ணா தெரிய ஆரம்பிக்குது, அவ்ளோ அழகு! அடுத்து கடல் அலையில முயற்சி பண்ணப் போறேன்.