ஒற்றை இன்ஜினா, இரட்டை இன்ஜினா? சமன்குழாய் வால்வுக்கு மட்டும் யாரும் பதில் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்

ஏராக்கட்டை:
"கரை தெரியாத தூரத்துக்கு ஒற்றை இன்ஜின் படகில் போவது தற்கொலைக்குச் சமம். இரட்டை இன்ஜின் என்றால் ஒன்று நின்றாலும் மற்றது கரை சேர்த்துவிடும்" என்று இரட்டைச்சுழலி இன்னொரு இழையில் தீர்ப்பு எழுதியிருக்கிறார். அங்கே ஆளாளுக்கு ஆமாம் போட்டும் விட்டார்கள். முதல் படகு வாங்கப் போகிறவர்கள் படிக்கிற இடம் என்பதால் இதைச் சும்மா விட முடியவில்லை.

நடுக்கடலில் டீசல் இன்ஜின் எதனால் நிற்கிறது? கிராங்க் ஷாஃப்ட் முறிந்தா நிற்கிறது? அது அபூர்வம். பெரும்பாலும் எரிபொருள் கெட்டுப்போய்த்தான் நிற்கிறது. டேங்க் அடியில் தண்ணீர் தேங்கும், தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து வழவழவென்று கசடு கட்டும். கடல் அமைதியாக இருக்கும்வரை அது கிடந்த இடத்தில் கிடக்கும். அலை எழுந்து டேங்க் குலுங்கினால் மொத்தமும் கலங்கி ஃபில்டருக்கு வந்துவிடும். அதாவது இன்ஜின் மிகவும் தேவைப்படும் நேரத்தில்.

இரட்டை இன்ஜின் படகுகளில் பெரும்பாலும் இரண்டு டேங்க், இரண்டையும் அடியில் இணைக்கும் ஒரு சமன்குழாய். அதன் வால்வு திறந்திருந்தால் உங்களிடம் இருப்பது இரண்டு டேங்க் அல்ல, ஒன்றுதான். ஒரே கிணற்றில் இரண்டு ஏற்றம் போட்ட கதை. இப்போது சொல்லுங்கள், உங்கள் வால்வு மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா?

இரட்டைச்சுழலி:
வந்துவிட்டீர்களா ஏராக்கட்டை சார். படகின் முன்புறத்தைப் பக்கவாட்டில் தள்ளும் பவ் த்ரஸ்டர் பற்றிய விவாதத்தில் பதில் இல்லாமல் போனவர் இங்கே எரிபொருள் வகுப்பு எடுக்கிறார்.

எளிய கணக்கு. ஒரு பயணத்தில் ஓர் இன்ஜின் நிற்க நூற்றில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் நிற்கப் பத்தாயிரத்தில் ஒன்று. இது பள்ளிக்கூடப் பாடம். எரிபொருளைத் தவிர இன்ஜின் நிற்க வேறு காரணமே இல்லையா? குளிர்ச்சிக்குக் கடல்நீரைத் தள்ளும் பம்பின் சுழலியான இம்பெல்லரில் இறகு பிய்ந்தால்? கடல்நீர் உறிஞ்சும் வாயில் பிளாஸ்டிக் பை ஒட்டினால்? ஆல்டர்னேட்டர் பெல்ட் அறுந்து, கூடவே அதில் சுற்றும் தண்ணீர்ப் பம்பும் நின்றால்? கியர்பாக்ஸ் எண்ணெய்க் குழாய் வெடித்தால்? இவை எல்லாம் ஒரு பக்கத்தோடு முடிகிற பழுதுகள். உங்களுக்கு அந்த ஒரு பக்கம்தான் மொத்தப் படகும்.

சுக்கான்பிடி:
ஒரு சந்தேகம். இங்கே எந்த மாதிரிப் படகைப் பற்றிப் பேசுகிறோம்? ஹல், அதாவது படகின் உடல், எப்படிப்பட்டது: தண்ணீரைப் பிளந்து போகும் டிஸ்ப்ளேஸ்மென்ட் ஹல்லா, மேலெழும்பி ஓடும் பிளேனிங் ஹல்லா? பாய் உண்டா? அதை முதலில் சொன்னால்தானே மற்றதைப் பேச முடியும்?

ஏராக்கட்டை:
இரட்டைச்சுழலி, பத்தாயிரத்தில் ஒன்று என்ற கணக்கு எப்போது செல்லும்? இரண்டு பழுதும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவையாக இருந்தால். அதே டீசல், அதே நாளில் அதே பம்பில் நிரப்பியது, அதே மெக்கானிக் அதே நாளில் மாற்றிய ஃபில்டர். தொடர்பில்லாமை எங்கே வந்தது? வால்வு திறந்திருந்தால் உங்கள் பத்தாயிரம் நேராக நூற்றுக்கு இறங்கிவிடும். மூடியிருக்கிறதா என்ற கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை.

பெருங்கடல் கடக்க ஒற்றை இன்ஜின் போதாது என்பவர்களுக்கு: படகு வடிவமைப்பாளர் ராபர்ட் பீபியின் 'பாசேஜ்மேக்கர்' படகு 1963-ல் சிங்கப்பூரில் கட்டப்பட்டது. ஒற்றை டீசல். அதில்தான் அவர் பெருங்கடல்களைக் கடந்தார்.

இரட்டைச்சுழலி:
அந்தப் படகில் இன்ஜின் நின்றால் ஓட்டப் பாய்களும் இருந்தன. அதை மட்டும் வசதியாக விட்டுவிட்டீர்கள். அதாவது பீபியே இரண்டாவது வழி ஒன்றை வைத்துக்கொண்டுதான் கிளம்பினார். என் வாதத்துக்குச் சாட்சி கொண்டுவந்ததற்கு நன்றி.

டீசல்வாசம்:
ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. வால்வைப் பத்தி நான் சொல்றேன்.

ஓடும்போது சமன்குழாய் வால்வு மூடித்தான் இருக்கணும். கசடு மட்டும் காரணம் இல்லை. படகு ஒரு பக்கம் சாஞ்சா டீசல் தாழ்ந்த பக்கத்துக்கே ஓடி இன்னும் சாய்க்கும். நின்ன இடத்துல திறந்து அளவைச் சமன் பண்ணிட்டு, மூடிட்டுக் கிளம்பணும்.

ஆனா வால்வை மட்டும் மூடினா பத்தாது. ரிட்டர்ன் லைனைப் பாருங்க. டீசல் இன்ஜின் உறிஞ்சுற எல்லாத்தையும் எரிக்காது, மிச்சம் டேங்குக்குத் திரும்பி வரும். இடது டேங்க்ல இருந்து எடுத்து வலது டேங்குக்குத் திரும்ப அனுப்பினா, வலது நிரம்பி டேங்கோட காத்துக்குழாயான வென்ட் வழியா கடல்ல கொட்டும். சப்ளை எங்கேயோ ரிட்டர்னும் அங்கேயேதான் போகணும். ரெண்டு கைப்பிடியிலயும் ஒரே நிறப் பெயின்ட் அடிச்சு வெச்சா இருட்டுல டார்ச் அடிச்சுப் பார்த்தாலே தெரியும்.

ஒற்றை இன்ஜின்காரங்களுக்கு: டேங்குக்கும் இன்ஜினுக்கும் நடுவுல டியூப்ளெக்ஸ் ப்ரைமரி ஃபில்டர் போடுங்க. பக்கத்துல பக்கத்துல ரெண்டு, நடுவுல மாற்று வால்வு. ப்ரைமரிக்கு 10 அல்லது 30 மைக்ரான், இன்ஜின்மேல இருக்குற செகண்டரிக்கு 2 மைக்ரான் அளவு. ப்ரைமரியிலயே 2 மைக்ரான் போட்டா சும்மா சும்மா அடைக்கும். ஃபில்டர் அடைக்க அடைக்க ஏறுற உறிஞ்சு அழுத்தத்தைக் காட்டுற வேக்குவம் கேஜ் கட்டாயம். புது ஃபில்டர்ல முள் எங்க நிக்குதுன்னு குறிச்சு வைங்க. அது 7 அங்குல பாதரசத்தை நெருங்கினா, இன்ஜின் இருமுற வரைக்கும் காத்திருக்காம மாத்துங்க. டியூப்ளெக்ஸ் இருந்தா ஓடும்போதே கைப்பிடியைத் திருப்பி அடுத்ததுக்குப் போயிடலாம், அடைச்சதை அப்புறம் மாத்தலாம்.

ஏராக்கட்டை:
இதைத்தானே நான் சொல்கிறேன். ஒரு டியூப்ளெக்ஸ் ஃபில்டரால் ஒற்றை இன்ஜினின் பெரிய பலவீனம் அடைபடுகிறது. இன்னோர் இன்ஜின், இன்னொரு கியர்பாக்ஸ், ஷாஃப்ட், ஷாஃப்ட் வெளியேறும் இடத்தில் தண்ணீரை அடைக்கும் ஸ்டஃபிங் பாக்ஸ் எதுவும் வேண்டாம்.

டீசல்வாசம்:
நான் அப்படிச் சொல்லலை சார். ரெண்டு இன்ஜின் இருந்தாலும் ஒவ்வொண்ணுக்கும் டியூப்ளெக்ஸ் போடணும்னுதான் சொல்வேன். என் வார்த்தையை உங்க பக்கம் இழுக்காதீங்க.

கடற்காற்று:
எல்லோரும் நடுக்கடலிலேயே நிற்கிறீர்கள். படகு அடி வாங்குவது பெரும்பாலும் துறைமுகத்தில்தான். இரண்டு இன்ஜின் இருந்தால் ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் போட்டு, சுக்கானைத் தொடாமல் நின்ற இடத்திலேயே திருப்பலாம். சுக்கான் உடைந்தால்கூட த்ராட்டிலைக் கூட்டிக் குறைத்தே திசை பிடிக்கலாம். ஒற்றை வலச்சுழல் ப்ரொப்பெல்லரைப் பின்னுக்குப் போட்டால் படகின் பின்புறம் இடப்பக்கம் இழுக்கும். காற்று எதிராக அடித்தால் அந்த இழுப்பை வெல்ல முடியாது.

ஏராக்கட்டை:
வெல்ல வேண்டாம், பயன்படுத்த வேண்டும். இடப்பக்கமாகவே கரை கட்டுங்கள். அணியத்தை, அதாவது படகின் முன்புறத்தை, மேடையை நோக்கிச் சுமார் 20 பாகை சாய்த்து மெல்ல வந்து, கடைசியில் பின்னுக்கு ஒரு குறுகிய அழுத்தம் கொடுத்தால் பின்புறம் தானாகவே மேடையோடு ஒட்டும். பவ் த்ரஸ்டரும் இருக்கிறது.

இரட்டைச்சுழலி:
பவ் த்ரஸ்டர்! அந்த மின்மோட்டார் சில நூறு ஆம்பியர் இழுக்கும், இரண்டு மூன்று நிமிடம் தொடர்ந்து அழுத்தினால் சூடேறித் தானாக நின்றுவிடும் என்று அன்றைக்கே எழுதினேன். பதில் இல்லை. இன்றைக்கும் வராது.

ஏராக்கட்டை:
மூன்று நிமிடம் தொடர்ந்து அழுத்துகிறவருக்கு வேண்டியது த்ரஸ்டர் இல்லை, பயிற்சி. இரண்டு மூன்று நொடி தட்டிவிட்டு விடவேண்டிய கருவி அது. பதில் வந்துவிட்டதா? இனி ப்ரொப்பெல்லருக்கு வருவோம். ஒற்றை ப்ரொப்பெல்லர் ஏராவுக்கு, அதாவது படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகுக்கட்டைக்கு, பின்னால் ஒளிந்திருக்கிறது. மரக்கட்டை வந்தால் ஏரா வாங்கும், தரை தட்டினாலும் ஏரா வாங்கும். உங்கள் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக ஸ்ட்ரட் என்ற தாங்குகாலில் தொங்குகின்றன. கைவிடப்பட்ட வலை ஒன்று குறுக்கே கிடந்தால் இரண்டிலும் சுற்றும்.

இரட்டைச்சுழலி:
வலை ஒன்றில் சுற்றினால் மற்றதை உடனே நியூட்ரலுக்கு எடுக்கலாம். உங்களுக்கு ஒன்றில் சுற்றினாலே கதை முடிந்தது, கத்தியோடு தண்ணீரில் குதிக்க வேண்டியதுதான்.

சுக்கான்பிடி:
மறுபடியும் கேட்கிறேன். பிளேனிங் ஹல் என்றால் ஓர் இன்ஜினில் அது மேலெழும்பவே எழும்பாது. அப்போது மேலே பேசிய பாதிக்கு அர்த்தமே மாறிவிடும். எந்த ஹல்?

ஏராக்கட்டை:
"மற்றது கரை சேர்க்கும்" என்ற வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். நீர்க்கோட்டு நீளம் 36 அடி. வர்க்கமூலம் 6, அதை 1.34-ஆல் பெருக்கினால் ஹல் ஸ்பீடு, அதாவது தண்ணீரைப் பிளந்து போகும் படகின் நடைமுறை உச்ச வேகம், 8 நாட். வேகத்தின் கனசதுரத்துக்கு ஏற்பத் திறன் தேவை என்று கொண்டால், பாதித் திறனில் 8-ல் 79 விழுக்காடு, 6.3 நாட். அதிலிருந்து, சும்மா கிடக்கும் ப்ரொப்பெல்லரின் இழுவையைக் கழியுங்கள். ஒரு பக்க இன்ஜினே தள்ளுவதால் படகு திரும்பப் பார்க்கும், அதற்கு எதிராகச் சுக்கானைத் திருப்பியே வைத்திருக்க வேண்டும், அந்த இழுவையையும் கழியுங்கள். உங்கள் ப்ரொப்பெல்லரின் பிட்ச், அதாவது ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம், இரண்டும் சேர்ந்து ஓடும் வேகத்துக்குக் கணக்கிட்டது. வேகம் குறைந்தால் அதே ஆர்பிஎம்-மில் இன்ஜின் மேல் சுமை கூடும், கரும்புகை வரும், எக்ஸாஸ்ட் சூடேறும். த்ராட்டிலைக் குறைத்தாக வேண்டும். 5 நாட் வந்தால் பெரிது.

இரட்டைச்சுழலி:
கணக்கே தப்பு. ஹல் ஸ்பீடுக்கு அருகில் தடை கனசதுரத்தைவிடச் செங்குத்தாக ஏறும். அதனால் பாதித் திறனில் வேகம் நீங்கள் சொல்வதைவிடக் குறைவாகத்தான் இழக்கும். உங்கள் 6.3 அங்கேயே 7-ஐ நெருங்கிவிடும். மற்ற இழுவையை எல்லாம் கழித்தாலும் 6. சரி, 5 என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் நின்ற ஒற்றைப் படகின் வேகம் என்ன? பூஜ்யம். ஐந்துக்கும் பூஜ்யத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் என் மொத்த வாதமும்.

டீசல்வாசம்:
ஓர் இன்ஜின்ல போகும்போது நின்ன பக்கத்தைக் கவனிக்கணும், அதை ரெண்டு பேருமே சொல்லலை.

ஓடுற தண்ணி அந்த ஷாஃப்ட்டைச் சுத்திக்கிட்டே இருக்கும். ஹைட்ராலிக் கியர்பாக்ஸ்ல எண்ணெய்ப் பம்பை ஓட்டுறது இன்ஜின் பக்கத்து ஷாஃப்ட். இன்ஜின் நின்னா பம்பும் நிக்கும், அவுட்புட் பேரிங் எண்ணெய் இல்லாம சுத்தும். சில மாடலுக்குச் சும்மா சுத்த அனுமதி உண்டு, சிலதுக்கு இல்லை, கையேட்டைப் பாருங்க. அனுமதி இல்லைன்னா ஷாஃப்ட்டும் கியர்பாக்ஸும் சேர்ற கப்ளிங்ல ஷாஃப்ட்டைப் பூட்டணும், கயித்தால கட்டினா நிக்காது. பூட்டினா இழுவை கூடும், அதையும் ஏத்துக்கணும்.

அதுக்கும் முன்னால ஷாஃப்ட் சீல், ஷாஃப்ட் வெளியே போற இடத்துல தண்ணியை அடைக்கிறது. சொட்டாத வகை சீலுக்குக் குளிர்ச்சித் தண்ணி அந்தந்த இன்ஜினோட கடல்நீர்ப் பம்புல இருந்து வருது. இன்ஜின் நின்னா தண்ணி இல்லை, ஷாஃப்ட் மட்டும் சுத்தும். சீல் முகம் சூடாகி ரப்பர் பெல்லோஸ் கெட்டா, தண்ணி உள்ளே வரும். ரெண்டு சீலுக்கும் நடுவுல ஒரு குறுக்கு ஹோஸ் போட்டா, ஓடுற இன்ஜின் ரெண்டுக்கும் தண்ணி கொடுக்கும். கட்டைவிரல் தடிமன்கூட இல்லாத ஹோஸ், ரெண்டு டி, நாலு கிளிப். பல படகுல அது இருக்காது.

நின்ன இன்ஜினை உயிர்ப்பிக்க ஸ்டார்ட்டரை விடாம சுத்தாதீங்க. எக்ஸாஸ்ட் காத்து இல்லாததால பம்ப் தள்ளுற தண்ணி மஃப்ளர்ல நிரம்பி சிலிண்டர் வரைக்கும் திரும்பும். ரொம்ப நேரம் சுத்தணும்னா கடல்நீர் உள்ளே வர்ற வால்வான சீகாக்கை மூடுங்க. பத்திக்கிட்ட உடனே திறந்துடுங்க, இல்லேன்னா இம்பெல்லர் போயிடும்.

ஏராக்கட்டை:
பாருங்கள். "ஒன்று நின்றாலும் மற்றது" என்ற ஒரு வரிக்குப் பின்னால் எத்தனை சிக்கல். இன்ஜின் அறையையும் நினைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே வார்ப்பில் வந்த இன்ஜின்கள், ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம் இல்லை. அதனால் ஒன்றில் டிப்ஸ்டிக்கும் கடல்நீர்ப் பம்பும் நடைபாதைப் பக்கம் இருந்தால், மற்றதில் அதே பம்ப் படகுச் சுவரைப் பார்த்திருக்கும். நான்கு விரல் இடைவெளியில் கையை நுழைத்து, கண்ணால் பார்க்காமல் பம்ப் மூடியின் ஆறு ஸ்குரூவையும் கழற்ற வேண்டும். ஒன்று விழுந்தால் படகின் அடிப்பள்ளமான பில்ஜில்தான் தேட வேண்டும். அந்தப் பக்கத்து இம்பெல்லரை யாரும் காலத்தில் மாற்றுவதில்லை. இரட்டை இன்ஜின் பாதுகாப்பு அந்த எட்டாத பம்பில் தொடங்குகிறது. வால்வுக் கேள்வி இன்னும் நிற்கிறது.

கடற்காற்று:
வால்வு, வால்வு, வால்வு. டீசல்வாசம் பதில் சொல்லி எத்தனை நேரமாயிற்று?

ஏராக்கட்டை:
அவர் எப்படி இருக்க வேண்டும் என்று சொன்னார். நான் கேட்டது இரட்டைச்சுழலியின் படகில் எப்படி இருக்கிறது என்று.

இரட்டைச்சுழலி:
மூடியிருக்கிறது. போதுமா? ஒரு டேங்கை நிரப்பிய இடத்தில் மற்றதை நிரப்புவதும் கிடையாது. டேங்க் அடியிலிருந்து கண்ணாடிக் குவளையில் பிடித்துக் கால் மணி நேரம் வைத்து, தண்ணீர் பிரிகிறதா என்று பார்த்த பிறகே சாவி திருப்புகிறோம். இப்போது நீங்கள் சொல்லுங்கள், இன்ஜின் நின்றால் உங்கள் படகில் இரண்டாவது வழி என்ன? பாயா, துணைக்கு வைக்கும் விங் இன்ஜினா?

ஏராக்கட்டை:
விங் இன்ஜின். சின்னது, மடியும் ப்ரொப்பெல்லர், தனி ஷாஃப்ட், 4 நாட் தரும்.

இரட்டைச்சுழலி:
ஆக, இரண்டு இன்ஜின்!

ஏராக்கட்டை:
அதற்குத் தனியாக ஒரு சின்ன எரிபொருள் டேங்க், டே டேங்க். சமன்குழாய் கிடையாது. இரண்டு சம இன்ஜினும் முதன்மை இன்ஜினோடு ஒரு விங் இன்ஜினும் ஒன்றா? நான் பேசுவது ஷாஃப்ட் ஏராவுக்குப் பின்னால் நிற்கும் முதன்மை இன்ஜின்...

டீசல்வாசம்:
அந்த விங் இன்ஜினை மாசம் ஒரு தடவையாவது சுமையோட ஓட்டுறீங்களா? ஓட்டலைன்னா மடியும் ப்ரொப்பெல்லர் கீல்ல சிப்பி பிடிச்சு விரியாது. டே டேங்க்ல கிடக்கிற டீசலும் பழசாகிக் கசடு கட்டும். அதோட ஃபில்டரைக் கடைசியா எப்போ திறந்து பார்த்தீங்க?

ஏராக்கட்டை:
அது வேறு விஷயம். அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

சுக்கான்பிடி:
ஹல் எதுவென்று யாரும் சொல்லவே இல்லையே.

இரட்டைச்சுழலி:
வேறு விஷயமில்லை, அதேதான். டே டேங்க் டீசலைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? பதிலை இங்கேயே எழுதுங்கள்.